மர முகத்துக்கு நான் வைத்த பொட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியவை கடிதங்களும் கடைச் சிட்டைகளும்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. சொல்லத் தொடங்கியதை நடுவில் விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஊர் வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொன்று எழுத வேண்டும் என்று என் தமையனின் மகன் பரமேஸ் தொலைபேசியில் கேட்டான்.

"மாமி, ஒஸ்லோவிலை பனி எப்பிடி எண்டு எழுதுங்கோவன்."

"பனியைப் பற்றிப் போன மலரிலையே மூண்டு பேர் எழுதிப்போட்டினம்."

"அப்ப வேறை ஏதாவது."

வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். சரசுவதி பூசை முடிந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. போன வருஷம் அதே பூசையில் நான் ஒரு பிழை செய்தேன். என் மகள் உயிராக வைத்திருந்த ஒன்று அதனால் அவளை விட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன். நல்லதாக எழுத வேறு ஒன்றும் என்னிடம் இல்லை.

2

மகள் பெயர் வதனி. நாற்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. கலியாணம் செய்யவில்லை. நாங்கள் இருவரும் ஒஸ்லோவில் ரொம்சோஸ் என்ற இடத்தில் ஒரு மாடிவீட்டில் ஐந்தாம் தட்டில் இருக்கிறோம்.

சின்ன வயதில் வதனி வயலின் படித்தவள், எங்களுடைய முறையில், நிலத்தில் சம்மாணம் கட்டியிருந்து. ரொம்மனில் ஒரு ரீச்சர் வீட்டுக்குச் சனிக்கிழமை தோறும் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். அவளுடைய அப்பாவுக்கு அரங்கேற்றம் பார்க்க வேண்டும் என்று ஆசை. பதினாறு வயதில் ஒரு நாள் வந்து, "எனக்கு இனி வேண்டாம்" என்றாள். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், ஆனால் பேசவில்லை.

படித்து வேலைக்கும் போன பிறகு, ஒரு தேவாலயத்தில் ஐந்து பேர் வட்டமாக இருந்து வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்தாள்.

"அம்மா, அது எப்பிடியிருந்தது எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

அந்த வாத்தியத்துக்கு வியோல் என்று பெயர். பார்க்க வயலின் மாதிரி, ஆனால் பெரிதும் சின்னதுமாகப் பல அளவில் இருக்கும். ஆறு நரம்பு. எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்துத்தான் வாசிப்பார்கள். சின்னதை மடியிலும், பெரியதை இரண்டு காலுக்கும் நடுவிலும் வைப்பார்கள். வதனியும் அதைப் படிக்கப் போனாள். அவளுக்குக் கிடைத்தது பெரியது. முதல் முறை அவள் அதை வைத்துக்கொண்டு இருந்த விதத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பிள்ளை, அதை ஒரு பக்கமாய் வைச்சு வாசிக்கேலாதோ?"

"ஏலாது அம்மா."

"ஆக்கள் வந்தால் சீலையாவது உடுத்திக்கொண்டு இரு."

"அம்மா, இது இங்கிலாந்து ராசாவின்ரை அறையிலை வாசிச்ச வாத்தியம். அங்கை இருந்தவை ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்லை."

அப்படித்தான் எனக்கு அந்தக் கதை தெரியவந்தது. நானூறோ ஐந்நூறோ வருஷத்துக்கு முந்திய இசையாம். அரண்மனையில் பெரிய சபை கூட்டி வாசிப்பதில்லையாம். ராசா இருக்கிற உள் அறையில், நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தங்களுக்காகவே வாசிப்பார்களாம். ஒரு ராசா தானும் ஒரு வியோலை எடுத்துக்கொண்டு அவர்களோடு இருந்துவிடுவாராம்.

"ராசா பிழையாய் வாசிச்சால் ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

"தலை கழுத்திலை இருக்கோணும் எண்டால் சொல்லாமல் இருக்கோணும்."

ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் குரலுக்குரிய தாள் மட்டும்தான் இருக்கும். மற்றவர் என்ன வாசிக்கிறார் என்பது ஒருவர் தாளிலும் இல்லை. காதால் கேட்டுத்தான் சேர வேண்டும். தாளம் போட ஒருவரும் இல்லை. ஒருவர் ஒரு வரியைத் தொடங்குவார். அது முடிய முன் மற்றவர் அதையே வேறு இடத்தில் எடுப்பார். பிறகு மூன்றாமவர். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தாலும் சத்தம் போடாத ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். அப்படி ஒரு குடும்பத்தை நான் எங்கும் கண்டதில்லை.

வதனியும் மற்ற நால்வருமாக ஐந்து பேர் வியாழக்கிழமைகளில் கூடுவார்கள். வீடு மாறி மாறி வரும். எங்கள் வீட்டு முறை வந்தால் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவேன். ரோல்ஸ் பொரிப்பேன், தேத்தண்ணி ஊற்றுவேன், தட்டை வதனியிடம் கொடுத்து அனுப்புவேன். கோபம் ஒரு பக்கம். இந்தப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை கலியாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள் என்று நெடுங்காலம் நினைத்தேன். கூச்சம் இன்னொரு பக்கம். பதினேழு வருஷம் ஒரு சிறுவர் பள்ளியில் துப்புரவு வேலை செய்தேன். எனக்குத் தெரிந்த நோர்வே மொழி எல்லாம் நிலம், வாளி, சவர்க்காரம், ஈரம், கவனம் என்பவைதான். அதை வைத்துக்கொண்டு ராசா வீட்டு இசை வாசிக்கிறவர்களோடு என்னத்தைக் கதைப்பது?

ஆனால் கதவைச் சாத்தினாலும் கேட்கும். பொரிக்கிற எண்ணெயைக் குறைத்து வைத்துவிட்டு நான் கேட்டிருக்கிறேன். வதனிக்குத் தெரியாது.

3

வதனி வாசித்த வியோல் அவளுடையது இல்லை. ஐவரில் மூத்தவர் ஊலாவ் என்ற நோர்வேக்காரர். எண்பது கடந்தவர், தச்சு வேலை படிப்பித்தவர். அதைத் தன் கையால் செய்தவரும் அவர்தான். செய்தது மனைவி மாரித்துக்காக. அவ இருக்கும்வரை அதை வாசித்தா. அவ போன பிறகு, "வாசிக்காமல் வைத்தால் மரம் செத்துவிடும்" என்று சொல்லி வதனிக்கு இரவல் கொடுத்தார்.

இரவல் என்றால் நாங்கள் பக்கத்து வீட்டுக்குத் தேங்காய் துருவுகிற திருவலை கொடுப்பது மாதிரி இல்லை. நாலு பக்கத்தில் பத்திரம். வருஷா வருஷம் இருவரும் கையெழுத்து வைப்பார்கள். வெயிலில் வைக்கக்கூடாது, சூடாக்கிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, அறையில் ஈரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கும். அந்த ஈரத்தை அளக்க ஒரு சின்னக் கருவி எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எனக்கு மூட்டு வலி வந்தபோதுகூட இவ்வளவு கவனிப்பு இல்லை என்று வதனியிடம் சொல்லியிருக்கிறேன்.

வயலினில் நுனியில் சுருள் இருக்குமே, அந்த இடத்தில் இதற்கு ஒரு பெண்ணின் தலை. மாரித்தின் முகத்தைப் பார்த்து ஊலாவ் செதுக்கியது. வாத்தியம் முழுக்க வார்னிஷ் பூசியிருந்தார். முகத்துக்கு மட்டும் பூசவில்லை. வெறும் மரம், சந்தன நிறத்தில்.

போன வருஷம் ஊலாவ் ஹவுகெட்டோவில் இருந்த தன் வீட்டை விற்றுவிட்டு, முதியவர்களுக்கான ஒரு சின்ன வீட்டுக்குப் போகத் தீர்மானித்தார். வாத்தியங்களை எல்லாம் கொடுத்து முடிக்க வேண்டும். மாரித்தின் வியோலை வேறு ஊரில் ஒரு இசைப் பாடசாலை கேட்டிருந்தது. வதனியும் விரும்பினாள், ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை. என் பிள்ளைதானே, கூச்சம். கார்த்திகையில் ஐவரும் தேவாலயத்தில் வாசிக்க இருந்தார்கள். அது முடிந்ததும் யாருக்கு என்று சொல்கிறேன் என்றிருந்தார் ஊலாவ்.

அந்த நாட்களில் வதனி வேலையால் வந்து, சாப்பிட முன்னமே அதை எடுத்துவிடுவாள். இன்னும் எத்தனை நாளோ என்று எண்ணி வாசிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அப்போதுதான் மனம் இளகியது. இவ்வளவு வருஷமும் அந்தப் பெட்டியைத் தள்ளித் தள்ளிக் கூட்டினேனே ஒழிய, ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

4

எங்கள் வீட்டில் சரசுவதி பூசைக்கு வதனியின் பழைய வயலினைத்தான் ஒவ்வொரு வருஷமும் வைப்பேன். அவள் தொடாவிட்டாலும் நான் வைப்பேன். போன வருஷம் அதை ரொம்மனில் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். பூசையன்று காலை வதனி வேலைக்குப் போய்விட்டாள். சாமி அலுமாரிக்கு முன்னால் புத்தகங்களையும் பேனாவையும் அடுக்கினேன். வாத்தியம் இல்லாமல் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

வியோல் பெட்டியைத் திறந்தேன். மனதுக்குள் ஒரு சின்ன வழக்கு நடந்தது. அதன் நரம்பு ஆட்டுக் குடல். மரக்கறிப் பூசையில் வைக்கலாமா? மேளத்தில் தோல் இல்லையா, அது கோயிலுக்குள் போகவில்லையா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்திரத்தில் சொன்னபடி, விளக்கிலிருந்து தள்ளி, கவனமாகச் சாய்த்து வைத்தேன்.

வைத்துவிட்டுப் பார்த்தால் அந்த முகம் என்னைப் பார்க்கிறது. நல்ல முகம். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு. நெற்றி மட்டும் வெறும் நெற்றி. பூசை நாளில், சாமிக்கு முன்னால், ஒரு பெண் வெறும் நெற்றியோடு நிற்கிறாளே என்றுதான் எனக்குப் பட்டது. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

இல்லை, ஒன்று யோசித்தேன். நான் குங்குமம் தொடுவதில்லை. வதனியின் அப்பா போய்ப் பதினோரு வருஷம். சாமிப் படங்களுக்கு வைப்பதென்றாலும் வதனிதான் வைப்பாள். அன்று வீட்டில் வேறு ஆள் இல்லை. சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் தொட்டு வைத்தேன். அழகாக இருந்தது. பொய் சொல்லவில்லை, மிக அழகாக இருந்தது.

மத்தியானம் பார்த்தபோது சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமம் மரத்துக்குள் இறங்கியிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். பதினேழு வருஷம் கறை எடுத்த கை விடுமா? ஈரத் துணியில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன். சிவப்பு, புருவம்வரை பரவிவிட்டது.

வதனி நாலு மணிக்கு வந்தாள். பார்த்தாள். கோட்டோடு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஆரம்மா இது செய்தது?"

"நான்தான். பூசைக்கு வைச்சனான் பிள்ளை."

"ஏன் துடைச்சனீங்கள்?"

"கறை போகும் எண்டு நினைச்சன்."

"பொட்டாய் விட்டிருந்தால் பொட்டாவது இருந்திருக்கும். இப்ப மண்டை உடைஞ்ச மாதிரி இருக்கு."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் கேட்டேன், "அந்தப் பத்திரத்திலை பொட்டு வைக்கக் கூடாது எண்டு போட்டிருக்கோ?"

வதனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வரப் பார்த்து, வராமல், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அது அவரின்ரை மனுசியம்மா. அவர் செதுக்கின மனுசியின்ரை முகம்."

அன்றே அவள் ஊலாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கொண்டுவந்து தரும்படி மட்டும் சொன்னார். வதனி அன்றிரவே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊலாவ் தொலைபேசியில் விசாரித்தபோது, வாத்தியம் திருத்துகிற ஒருவர், நெற்றியை மெல்லிதாகச் சீவத்தான் வேண்டும் என்றாராம். சீவினால் முகம் அதே முகமாக இருக்காது என்றும் சொன்னாராம். திங்கட்கிழமைக்கு நேரம் கொடுத்திருந்தார்.

பத்தாம் நாள், விஜயதசமி. வைத்த வாத்தியத்தை எடுத்து ஒரு வரியாவது வாசிக்க வேண்டும். வாசிக்க வாத்தியம் வீட்டில் இல்லை. அந்த வியாழன் ஐவரும் கூடவும் இல்லை. சுவரில் ஈரம் அளக்கிற கருவி மட்டும் எங்களை அளந்துகொண்டு தொங்கியது.

5

சனிக்கிழமை, வதனி கடைக்குப் போன நேரம், நான் வெளிக்கிட்டேன். தனியாக ஹவுகெட்டோவுக்குப் போனது அதுதான் முதல் முறை. ரொம்சோஸில் நிலக்கீழ் இரயில் ஏறி, நடுநகரில் இறங்கி, மற்ற இரயில் பிடித்தேன். மூன்று பேரிடம் கேட்டேன். ஊலாவின் விலாசம் பத்திரத்தில் இருந்தது. அதை ஒரு கடதாசித் துண்டில் பார்த்து எழுதியிருந்தேன். பூசைக்கு அவித்த கடலையில் மீதி குளிர்ப்பெட்டியில் இருந்தது. அதைத் தாளித்து ஒரு டப்பாவில் எடுத்திருந்தேன்.

வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினேன். அவர் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. என் நோர்வே மொழியை அப்படியே தமிழில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்:

"மன்னிப்பு. வதனி நல்லது. வதனி வேலையில். நான் செய்தது. சிவப்பு நான். சவர்க்காரமும் நான்."

"உள்ளே வாருங்கள்," என்றார்.

வீடு முழுக்கக் கட்டிய பெட்டிகள். இருக்க ஒரு கதிரை மிச்சம் இருந்தது. அதை எனக்குத் தந்துவிட்டு அவர் ஒரு பெட்டியின் மேல் இருந்தார். வியோல் அதன் பெட்டிக்குள் சுவரோரம் நின்றது. கொண்டுவந்து வைத்தபடி, திறக்கவேயில்லை என்றார்.

பிறகு மெதுவாக, எனக்கு விளங்கும்படி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "அந்தச் சிவப்பு என்ன? ஏன் வைத்தீர்கள்?"

இதற்கு என்னிடம் சொல் இல்லை. பூசை என்று சொன்னேன், விளங்கவில்லை. சாமி என்று மேலே காட்டினேன், தலையாட்டினார். பிறகு என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"பெண்," என்றேன். "கலியாணம். புருஷன் உயிரோடு. அப்போது சிவப்பு."

அவர் யோசித்தார். "மாரித் இறந்துவிட்டாள்," என்றார்.

"ஓம். மாரித் இறந்தது. நீங்கள் உயிரோடு." அவரை விரலால் காட்டினேன். பெரியவரை விரல் நீட்டிக் காட்டுவது மரியாதை இல்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை. "பெண் முதல் போனால், சிவப்போடு போகும். சிவப்பு எடுக்கிறதில்லை. கடைசியிலும் எடுக்கிறதில்லை."

அவர் சுவரோரம் நின்ற பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கோபமோ என்று பயந்து டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னது எனக்கு முழுதும் விளங்கியது, ஏனென்றால் மிகச் சின்ன வசனங்கள்.

"மாரித்திடமிருந்து ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துவிட்டார்கள். மோதிரத்தையும். ஒரு கடித உறைக்குள் போட்டு என்னிடம் தந்தார்கள். ஒன்றும் இல்லாமல்தான் போனாள்."

எழுந்து போய் வியோல் பெட்டியைத் திறந்தார். முகம் நான் விட்டபடியே இருந்தது, புருவம்வரை சிவந்து. அவர் சாளரப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?"

நான் என் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன்.

"எந்த இடத்தில்?"

தொடாமல், கிட்டக் கையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். அதில் திருநீறு மட்டும் இருந்தது. அவர் முகத்தில் ஒரு கேள்வி வந்தது, ஆனால் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொன்னேன், "என் புருஷன் இறந்தது. பதினோரு வருஷம்." அவர் தலையைக் குனிந்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒரு நோர்வேக்காரரோடு நான் கதைத்த மிக நீளமான கதை அதுதான்.

பிறகு தொலைபேசியை எடுத்து யாரோடோ கதைத்தார். எனக்கு விளங்கியது "வேண்டாம்", "திங்கள்", "நன்றி" மட்டும். கட்டிவைத்த பெட்டிகளில் மூன்றைத் திறந்து, நாலாவதில் ஒரு சின்ன உளியைக் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு கடலையை எடுத்து, நின்றபடியே சாப்பிட்டார்.

6

அடுத்த வியாழன் ஊலாவே வியோலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வழக்கம்போலக் குசினிக்குள் இருந்தேன். வதனி கூப்பிட்டாள்.

"அம்மா, ஒருக்கா வாங்கோ."

பரவியிருந்த சிவப்பு எல்லாம் போயிருந்தது. உளியால் மெல்ல மெல்லச் சீவி எடுத்திருக்கிறார். நடுவில் மட்டும் விட்டிருந்தார், சுண்டுவிரல் நக அளவில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. எண்பது வயதுக் கை.

இசைப் பாடசாலைக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று வதனி மிகவும் கஷ்டப்பட்டுக் கேட்டாள்.

"கறை பட்ட வாத்தியத்தைப் பாடசாலைக்குக் கொடுக்க முடியாது," என்றார் ஊலாவ். சிரிக்காமல்தான் சொன்னார். அந்த நாலு பக்கப் பத்திரத்தை எடுத்து, இரவல் என்று இருந்த இடத்தை வெட்டி, பக்கத்தில் வதனிக்குச் சொந்தம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வதனி கையெழுத்து வைக்கப் பேனா தேடினாள். பூசைக்கு வைத்த பேனா சாமி அலுமாரிக்குள் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று அவர்கள் வாசித்தபோது குசினிக் கதவை நான் சாத்தவில்லை. தேவாலயத்தில் வாசித்த நாளிலும் போனேன், மூன்றாவது வரிசையில் இருந்தேன். வதனியின் தோளுக்கு மேலே மாரித் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

வதனி பிறகு ஒரு நாள் கேட்டாள். "அங்கை போய் அவருக்கு என்னம்மா சொன்னனீங்கள்?"

"சும்மா, மன்னிப்புக் கேட்டனான்."

"அவ்வளவுதானோ?"

"எனக்கு வேறை என்ன கதைக்கத் தெரியும்?"

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இந்த மலர் கைக்கு வந்தால் மெல்ல வாசித்துக் கண்டுபிடிக்கட்டும்.

பரமேஸ், அச்சுக்குக் கொடுக்க முன் சில விஷயங்களை யாரையாவது கொண்டு சரிபார்க்க வேண்டும். வியோல் வாசித்த அந்த ராசாவின் பெயர், நானூறு வருஷமா ஐந்நூறா என்பது, ஆறு நரம்பென்று எழுதியது. இவற்றில் பிழை இருந்தால் திருத்திவிடு.

இன்னும் ஒன்று. கோயில் ஐயாவிடம் என் பெயரைச் சொல்லாமல் கேள். வேறு சமயத்துப் பெண், அதுவும் மரத்தில் செதுக்கிய முகம், வைத்ததோ என்னைப் போல ஒருத்தியின் கை. அந்தப் பொட்டு செல்லுமா? நான் சொன்னது பிழையென்று அவர் சொன்னால் எனக்கு மட்டும் எழுது. இங்கே ஒருவருக்கும் தெரிய வேண்டாம். அந்த மனுசன் நம்பிவிட்டார்.